செபமாலைக்கு ஒரு டோர்ச்

என் மனைவிக்குக் காது மந்தமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. வலது காதில் கொஞ்சம் கேட்கும், இடது காதில் சுத்தமாக ஒன்றுமில்லை. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே மீதியைப் பிடித்துவிடுவாள். அதில் ஆள் பயங்கரக் கெட்டிக்காரி. கண்டிக்குப் போகும் பஸ்ஸில் நாலு சீட் தள்ளி ஒரு புருஷனும் பெண்சாதியும் வாய்க்குள் சண்டை போடுவதைப் பார்த்துவிட்டு, இறங்கியதும் யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தீர்ப்புச் சொல்வாள். ஆகவே வெளிச்சம் இருக்கும்வரை எங்கள் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. கரண்ட் போனால்தான் கஷ்டம். இருட்டில் அவளுக்கு என் உதடு தெரியாது, நான் தொண்டை கிழியக் கத்தினாலும் பாதிதான் விளங்கும்.

வீடு அம்பிட்டியவில், மெயின் ரோட்டிலிருந்து படிகளில் இறங்கிப் போகும் சரிவில் இருக்கிறது. மழைக்கும் எங்கள் வரிசைக் கரண்டுக்கும் ஜென்மப் பகை. மேல் ரோட்டில் கடைகள் பளிச்சென்று இருக்கும், எங்கள் வரிசை மட்டும் இருட்டில் கிடக்கும். காதுக்கு மெஷின் ஒன்றும் வாங்கியிருக்கிறோம். மழை நாளில் அதுவும் உதவாது. தகரக் கூரையில் விழும் மழைச் சத்தத்தை அது பெரிதாக்கிக் காதுக்குள் கொட்டுகிறதாம். தூறல் தொடங்கியதுமே கழற்றி டப்பாவில் போட்டுவிடுவாள். மழை, இருட்டு, மெஷின் இல்லாத காது, மூன்றும் எங்கள் வீட்டுக்குச் சேர்ந்தேதான் வரும்.

நான் பொறுமைசாலி இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்டியில் மேசை, கட்டில் விற்கும் ஒரு தளபாடக் கடையில் பில் போடுகிறேன். கதிரையில் உட்கார்ந்திருந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். இறங்கும் இடத்துக்கு இரண்டு ஹோல்ட் முன்னாலேயே பஸ்ஸில் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். கேத்தல் கொதிக்கும்வரை அதன் பக்கத்தில் நின்று மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன். இப்படிப்பட்ட ஆளால் இருட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா?

எல்லாம் செபமாலையில்தான் தொடங்கியது. தினமும் இராச் சாப்பாட்டுக்கு முன் சொல்வோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மாதாவை நோக்கிய ஒரே செபத்தை, கையிலுள்ள மாலையில் மணி மணியாக நகர்த்தி, பத்துப் பத்தாக ஐந்து பத்து, திரும்பத் திரும்பச் சொல்வது அது. ஒருவர் முதற்பாதியைச் சொல்வார், மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லி முடிப்பார்கள். முதற்பாதி வீட்டு ஆண்பிள்ளைக்கு என்று யாரும் சட்டம் போடவில்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் அப்படியே வந்துவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து முதற்பாதி எனக்கு, பின்பாதி அவளுக்கு. மகள் வேலைக்காகக் கொழும்புக்குப் போன பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

ஒரு நாள் அந்தியில் செபமாலை நடுவே கரண்ட் போனது. நான் முதற்பாதியை முடிக்குமுன் அவள் பின்பாதியைத் தொடங்கிவிட்டாள். இரண்டு குரலும் முட்டிக்கொண்டன. அடுத்த மணியில் நான் முடித்துவிட்டுக் காத்திருந்தேன், அவளோ நான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று காத்திருந்தாள். சரி என்று நான் முடித்ததும் அவள் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினேன். இரண்டு மணிகளுக்குப் பொறுத்துக்கொண்டாள். மூன்றாவதில் என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்தாள்.

“சின்னப் புள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிற மாதிரி தட்டாதீங்க” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்க சொல்லுங்க. நான் மனசுக்குள்ள சொல்லிக்கிறேன்” என்றாள்.

அந்த ‘மனசுக்குள்ள’ எனக்குப் பழக்கமான வார்த்தை. முதலில் கோயில் பாடகர் குழுவில், மற்றவர்கள் திரும்பிப் பார்த்த அன்று அதைச் சொன்னாள், பிறகு பாடவே போகவில்லை. அடுத்தது அன்பியம். பக்கத்துப் பத்துப் பதினைந்து கத்தோலிக்க வீடுகள் சேர்ந்து முறை வைத்துச் செபிக்கும் குழுவுக்கு அப்படிப் பெயர். அங்கேயும் ஒரு நாள் மனசுக்குள் சொல்லத் தொடங்கி, பின்வரிசைக்குப் போய், கடைசியில் தலைவலி என்று வீட்டிலேயே தங்கிவிட்டாள். அவள் பயமில்லாமல் வாய்விட்டுச் சொல்லும் ஒரே இடம் எங்கள் வீட்டுச் செபமாலைதான். இங்கேயும் மனசுக்குள் போய்விட்டால் அவள் குரல் என்ன ஆகும்? அன்றைக்கு நான் தனியாகச் சொல்லி முடித்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

மெழுகுதிரி கொளுத்தலாமே என்று நீங்கள் கேட்கலாம். கொளுத்தினோம். எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி சரியாகப் பொருந்தாது, மழைக்காற்றில் சுடர் ஆடும், என் உதடு ஒரு பக்கம் தெரிந்து மறுபக்கம் மறையும். போனில் வெளிச்சம் இருக்கிறதே என்றால், கரண்ட் இல்லாத நேரத்தில் போனில் சார்ஜ் குறைந்தால் மகள் கோல் எடுக்கும்போது பேச முடியாது. அவளிடம் எழுதிப் பேசுவதற்கும் என் மனைவிக்கு அந்தப் போன்தான் வேண்டும்.

அலுமாரியில் ஒரு குட்டி டோர்ச் கிடந்தது. வெள்ளி நிறத் தகர உடம்பு, பென்டோர்ச் பேட்டரி என்கிற விரலளவுப் பேட்டரி இரண்டு போடுகிற மாதிரி. பல்ப் எரிந்துபோய் யாரும் கவனிக்காமல் விட்டது. அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மார்க்கட்டுக்குப் பின்னாலிருந்த மின்சாரச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்கார முஸ்லிம் அண்ணன், எங்களுக்கெல்லாம் நாநா, டோர்ச்சைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“இந்த பல்பு இப்ப வாரதே இல்ல அண்ணே. எல்லாரும் எல்ஈடிதான் எடுக்குறாங்க. என்னத்துக்கு ஒங்களுக்கு டோர்ச்சு? போன்லயே லைட் ஈக்கிதானே.”

“மூஞ்சில அடிக்கிறதுக்கு நாநா.”

“யாரு மூஞ்சில?”

“என் மூஞ்சிலதான்.”

நாநா என்னை மேலும் கீழும் பார்த்தார். வெயிலில் நடந்து வந்ததால் எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று நினைத்திருக்க வேண்டும். விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. பழைய பல்ப் இருந்த இடத்திலேயே முறுக்கிப் போடக்கூடிய எல்ஈடி பல்ப் ஒன்றைத் தந்தார். வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

வீட்டில் பேட்டரி போட்டு அமுக்கினால் எரியவில்லை. கையில் தட்டினேன், தரையில் தட்டினேன், நாநாவை மனதுக்குள் திட்டினேன். கடைசியில் பேட்டரியைத் தலைகீழாகப் போட்டிருந்தது தெரிந்தது. பழைய பல்ப் எந்தப் பக்கம் போட்டாலும் எரிந்துவிடும், எல்ஈடி அப்படி இல்லை. திருப்பிப் போட்டதும் பளீரென்று அடித்தது. சுவரில் இருந்த பல்லி ஓடிப்போனது. நான் பெருமையோடு அறை விளக்கை அணைத்துவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்து, டோர்ச்சை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பேசினேன்.

“கண்ண மூடிக்கிட்டுப் பேசுறீங்க” என்றாள். “மூஞ்சி பூராம் வெள்ளையா இருக்கு. ஒதடு எங்க இருக்குன்னே தெரியல.”

நாடிக்குக் கீழே பிடித்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பேய்ப் படத்தில் வருகிற ஆளைப் போல இருந்ததாம். பக்கவாட்டில் பிடித்தேன். பாதி முகம் வெள்ளை, பாதி முகம் கறுப்பு, நடுவில் மீசை நிழல் வந்து உதட்டின் மேல் விழுந்தது. “மீசைய எடுத்துருங்களேன்” என்றாள். அது நடக்கிற காரியமா? இருபது வயதிலிருந்து வைத்திருக்கிற மீசை. ஆனாலும் மறுநாள் காலையில் கத்தரிக்கோலால் கீழ் ஓரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன், அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டாள்.

வேண்டியது மஞ்சள் வெளிச்சம் என்று புரிந்தது. உள்ளே கம்பி காய்ந்து எரிகிற பழைய வகை பல்ப். அது முகத்தில் மெதுவாகப் படியும், கண் கூசாது. கண்டியில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். கடைக்காரர்கள் எனக்குப் பாடம் எடுத்தார்கள்: எல்ஈடி நல்லது, எல்ஈடி பேட்டரி தின்னாது, எல்ஈடி வருடக்கணக்கில் எரியும். எனக்கு அதெல்லாம் தெரியும் என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆளுக்குச் சாமான் எடுக்கப் போய்விடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு வருகிறவனுக்குக் கோபம் வராதா? ஒரு கடையில் கடைசியாக ஒரு மஞ்சள் பல்ப் கிடைத்தது. அதைப் போட்டால் வாழைப்பழத் தோல் நிறத்தில் ஒரு மங்கல். அதன் கழுத்துத் தகட்டைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். மூன்று பேட்டரி போடுகிற டோர்ச்சுக்கான பல்ப் அது. இரண்டு பேட்டரியின் பலம் அதற்குப் போதவில்லை.

தேயிலைத் தோட்டங்களில் இன்னும் டோர்ச் பிடிக்கிறார்கள், அங்கே சாமான் போடுகிற கடையில் பழைய பல்ப் இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. வந்த யோசனையை ஞாயிற்றுக்கிழமை வரை வைத்திருக்க என்னால் ஆகவில்லை. சனிக்கிழமை வேலை முடிந்த கையோடு வத்தேகம பஸ்ஸில் ஏறினேன். நான் பிறந்து வளர்ந்தது அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான், ஆனால் அன்றைக்கு எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்கும் போகவில்லை. பஸ் ஒவ்வொரு வளைவிலும் நின்று ஆள் ஏற்றியது, நான் முன் சீட்டுக் கம்பியை விரலால் தட்டிக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

வத்தேகம பஜாரில் மண்வெட்டியும் தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியும் விற்கிற கடை ஒன்றில், மேல் தட்டிலிருந்து ஒரு காட்போட் பெட்டியை இறக்கினார்கள். பஞ்சுக்குள் சின்னச் சின்ன பல்ப்கள். ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தைப் படித்தேன். இரண்டு பேட்டரிக்கானதில் 2.4 வோல்ட் என்று போட்டிருக்கும். கடைக்காரர் நான் எடுத்த ஒவ்வொன்றையும் தன் டோர்ச்சில் போட்டு எரித்துக் காட்டினார். நல்லதாக நாலைப் பொறுக்கிக்கொண்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் பல்ப் பொட்டலத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெளிச்சத்தில் அவள் என் முகத்தைப் பார்த்த விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முன்னுக்குச் சாய்ந்து, புருவத்தைச் சுருக்காமல், நிதானமாகப் பார்த்தாள். “இப்ப நல்லாத் தெரியுது” என்றாள். டோர்ச்சை ஒரு கதிரை முதுகில் உடுப்புக் கிளிப்பும் ரப்பர் பேண்டும் போட்டுக் கட்டி, தோள் உயரத்தில் என் கன்னத்துக்கு அடிக்கிற மாதிரி வைத்தேன். கரண்ட் இருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டுப் பழகினோம். நான் முடித்த இடத்தில் அவள் தொடங்கினாள். ஒரு மணி கூடத் தவறவில்லை. செபம் முடிந்த பிறகும் விளக்கைப் போடாமல் அந்த மஞ்சள் வெளிச்சத்திலேயே கதைத்துக்கொண்டிருந்தோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனால் அந்த பல்ப் பேட்டரியை ஊதித் தள்ளியது. சாதாரணப் பேட்டரியில் சில நாளிலேயே வெளிச்சம் மங்கிச் சிவந்துபோகும். ஆகவே சார்ஜ் பண்ணுகிற பேட்டரிக்கு மாறினேன். அதில் ஒரு தனிக் குழப்பம். ஒன்றின் உறையில் பெரிய பெரிய இலக்கம் போட்டிருந்தது, கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இலேசாக இருந்தது. இன்னொன்றின் இலக்கம் சின்னது, ஆனால் கனமாக இருந்தது. நாநாவின் கடையில் நின்று ஒரு கையில் இது, ஒரு கையில் அது என்று கோழிக்குஞ்சு வாங்குகிறவனைப் போல எடை பார்த்தேன். கனமானதையே எடுத்தேன். சார்ஜரில் போட்டால் சிவப்பு விளக்குப் பச்சையாவதற்குள் நான் பத்துத் தடவை போய்ப் பார்த்துவிடுவேன். இந்தப் பேட்டரிக்கு இன்னொரு குணமும் இருந்தது. சாதாரணப் பேட்டரி சாகுமுன் மங்கி மங்கி நமக்குச் சொல்லும். இது கடைசிவரை ஒரே மாதிரி எரிந்துவிட்டுப் பொத்தென்று விழுந்துவிடும்.

இதற்குள் ஒக்டோபர் கிட்ட வந்துவிட்டது. ஒக்டோபர் செபமாலை மாதம். எங்கள் அன்பியத்தில் மாதா சிலை, சுருபம் என்போம், ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்கு வரும். வந்த வீட்டுக்காரர்தான் செபத்தை நடத்த வேண்டும். அயல் முழுவதும் கூடியிருக்கும். எங்கள் முறை மாதக் கடைசிக்கு விழுந்தது. கண்டியில் ஒக்டோபர் என்றால் பின்னேரம் இடியும் மழையும் நிச்சயம்.

“நம்ம முறைய வேற வீட்டுக்குக் குடுத்துருவோங்க” என்றாள் மனைவி. “கரண்ட் போனா நான் என்னா செய்றது? எல்லாரும் ஒரு பக்கம் சொல்லுவாங்க, நான் ஒரு பக்கம் சொல்லுவேன். பாவம்னு பாப்பாங்க. அத என்னால தாங்க ஏலாது.”

“டோர்ச் இருக்கு” என்றேன்.

“டோர்ச்ச நம்பியா?”

“ஆமா. டோர்ச்ச நம்பித்தான்.”

அவள் ஒத்துக்கொண்டது டோர்ச்சுக்காக இல்லை, என் முகத்தைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

ஏற்பாடு பார்க்க அன்பியத் தலைவி வந்தார். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் முத்திரை குத்துகிற மாதிரிச் சொல்வார். நான் மனைவியைப் பார்த்து உட்காரும்படி கதிரை போட்டிருந்ததைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“இதென்ன தம்பி, மாதாவுக்கு முதுகக் காட்டிக்கிட்டா செபம் நடத்தப் போறீங்க?”

அதை நான் யோசிக்கவே இல்லை. செபம் நடத்துகிறவர் சுருபத்தைப் பார்த்துத்தான் இருப்பார், சனம் அவருக்குப் பின்னால் இருக்கும். அப்படி இருந்தால் என் மனைவிக்கு என் பிடரிதான் தெரியும். கடைசியில் கதிரையைச் சுவரோரம் குறுக்கே போட்டு, இடது தோள் மாதாவுக்கும் வலது கன்னம் மனைவிக்குமாக ஒரு சமாதானம் செய்துகொண்டேன். தலைவி அதற்கும் உதட்டைச் சுழித்தார், ஆனால் விட்டுவிட்டார்.

பேட்டரிகளை மாதம் தொடங்கும்போதே நிறைய சார்ஜ் ஏற்றினேன். எங்கள் வீட்டில் பென்டோர்ச் பேட்டரிக்குப் பாதுகாப்பு கிடையாது. சுவர் மணிக்கூடு நின்றால் அதற்குப் போய்விடும், டீவி ரிமோட் செத்தால் அதற்குப் போய்விடும். ஆகவே அவற்றை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, எங்கள் வீட்டுப் பீடத்தில் மாதா படத்துக்குப் பின்னால் வைத்தேன். அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள். நானும் கை வைக்கவில்லை, மற்ற நாள்களைச் சாதாரணப் பேட்டரியில் ஓட்டினேன். சும்மா ஒரு தடவை எரித்துப் பார்ப்போமா என்று ஒவ்வொரு நாளும் கை துறுதுறுத்தது. சார்ஜ் வீணாகிவிடும் என்று அடக்கிக்கொண்டேன். மாதா காவலில் இருக்கிற சாமான், என்ன குறை வரப் போகிறது என்றுதான் இருந்தேன். எதற்கும் பொறுக்காத நான் வாழ்க்கையில் அந்த ஒரு விஷயத்துக்குத்தான் பொறுத்திருந்தேன்.

எங்கள் நாள் வந்தது. குடைகளைச் சேர்த்துப் பிடித்துச் சுருபத்தைப் படியிறக்கிக் கொண்டுவந்தார்கள். வாசல் முழுவதும் ஈரச் செருப்பு. கூடத்தில் பாய் விரித்து, பெண்கள் முன்னுக்கும் ஆண்கள் வாசல்வரைக்குமாக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மழை கூரையில் கொட்டியது. மனைவி மெஷினைக் கழற்றிவிட்டு, நல்ல சேலையில், என் வலது பக்கம் முதல் வரிசையில் இருந்தாள். மாலையின் முதல் மணியை இப்போதே விரலில் பிடித்திருந்தாள். என் கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

முதல் பத்து மணியும் கரண்ட் வெளிச்சத்தில் நன்றாகப் போனது. இரண்டாவது பத்தில் ஓர் இடி இடித்தது, கரண்ட் போனது. சுருபத்தின் காலடியில் ஒரு மெழுகுதிரி மட்டும். நான் காத்திருந்தது இந்த நேரத்துக்குத்தானே? டோர்ச்சை அமுக்கினேன். மஞ்சள் வெளிச்சம் என் கன்னத்தில் வந்து விழுந்தது. அவள் கண் என் உதட்டில் வந்து நின்றது. சொன்னேன், அவளும் சனத்தோடு சேர்ந்து சொன்னாள். சரியாக இருந்தது. பின்வரிசை மட்டும் கொஞ்சம் பிந்தியது. மழைச் சத்தத்தில் என் குரல் வாசல்வரை எட்டவில்லை.

மூன்றாவது பத்தின் நடுவில் டோர்ச் அணைந்தது. மங்கவில்லை, ஒரு எச்சரிக்கையும் இல்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் அணைந்தது. தட்டினேன், குலுக்கினேன், திருகினேன். இந்த மாதிரிப் பேட்டரி சும்மா வைத்தாலே சார்ஜ் தானாக இறங்கிப் போய்விடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அந்த நேரத்தில் எனக்கு மாதா மேலேயே கோபம் வந்தது என்று சொன்னால் குறை நினைக்காதீர்கள்.

செபம் நின்றுபோனது. யாரோ உதவிக்குப் போன் வெளிச்சத்தை என் முகத்தில் அடித்தார்கள். அவரைப் பார்த்து இன்னொருவர், பிறகு வாசலிலிருந்து இன்னும் இரண்டு பேர். நாலு பக்கமும் வெள்ளை வெளிச்சம். எனக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை, அடுத்த சொல் என்னவென்று மறந்துவிட்டது. “பாவம், அவவுக்கு ஒதடு தெரியணுமே, நல்லா அடிங்க” என்று தலைவி பெரிய குரலில் சொன்னார். மனைவி எதற்குப் பயந்தாளோ அது நடந்துவிட்டது. அவளுக்கு அந்தச் சொல் கேட்டிருக்காது. ஆனால் அத்தனை வெளிச்சத்தில் தலைவியின் உதட்டை அவள் நன்றாகப் பார்த்திருப்பாள்.

“அத அணைங்க” என்றாள் மனைவி. “எல்லாரும் போன அணைங்க.”

ஒவ்வொன்றாக அணைந்தன. மழைச் சத்தம் மட்டும். இனி மனசுக்குள் போய்விடுவாள், திரும்ப வர மாட்டாள் என்று நினைத்தேன். டோர்ச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது முதற்பாதியை அவள் தொடங்கினாள்.

அது நான் சொல்ல வேண்டிய பாதி. அவள் சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தாள். முதலில் ஒரு பெண் குரல் பின்பாதியைப் பிடித்தது, பிறகு சனம் பிடித்தது. நானும் சொன்னேன், என் வாய்க்குப் பழக்கமில்லாத பாதி, தடுமாறிக்கொண்டே சொன்னேன். நாங்கள் முடிக்குமுன் அவள் அடுத்த மணிக்குப் போய்விட்டாள். திருத்த வாயெடுத்தேன். அதற்குள் சனம் கடைசிச் சொற்களை விழுங்கிக்கொண்டு அவளோடு சேர்ந்துவிட்டது. அடுத்த தடவை அவள் அதிக நேரம் விட்டாள், நாங்கள் முடித்துவிட்டுக் காத்திருந்தோம். நாலைந்து மணிகளில் அவள் அளவு எங்களுக்கும் எங்கள் அளவு அவளுக்கும் பிடிபட்டுவிட்டது.

காது கேளாதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. அவள் குரல் எப்போதும் ஒரு சுற்றுப் பெரிது. அதற்காகத்தான் பாடகர் குழுவில் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு அந்தக் கூரைக்குக் கீழே, அந்த மழையில், யாருக்கும் யார் பேசுவதும் கேட்கவில்லை. அவள் குரல் மட்டும் வாசல் தாண்டிக் கேட்டது. என் நேரத்தில் பிந்திக்கொண்டிருந்த பின்வரிசை அவள் நேரத்தில் சரியாகச் சொன்னது. ஐந்தாவது பத்து முடியும்போதுதான் கவனித்தேன், என் கால் ஆடவில்லை.

முடிந்ததும் இருட்டிலேயே அவித்த கடலையும் பிளேன்டீயும் கொடுத்தோம். தலைவி என் மனைவியின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார், அவளுக்கு விளங்கியதோ இல்லையோ, தலையை ஆட்டினாள். சனம் படியேறிப் போனது.

மறுநாள் மழை இல்லை, கரண்ட் இருந்தது. கூடத்து விளக்கும் எரிந்தது, பீடத்து விளக்கும் எரிந்தது. வழக்கம் போல எதிரெதிராக உட்கார்ந்தோம். நான் மாலையை எடுத்துக்கொண்டு, அவள் பார்க்கட்டும் என்று முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, முதற்பாதிக்கு வாயைத் திறந்தேன். அவள் ஏற்கெனவே தொடங்கியிருந்தாள். இப்போதும் தினமும் அப்படித்தான். அவள் முந்தினால் நான் சுருக்கிக்கொள்கிறேன், பிந்தினால் காத்திருக்கிறேன். இத்தனை வருடமாகச் செபத்தில் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள், அந்த மறுநாள் முதல் தடவையாகக் கண்ணை மூடிக்கொண்டு செபித்தாள்.